ரசாயனம் போடாத கடலையில் நஞ்சு எப்படி வந்தது?

சென்னையில் இயற்கை அங்காடி நடத்தும் தம்பி போன் செய்தபோது நான் செக்கடியில் இருந்தேன். "அண்ணா, நீங்க அனுப்பின மல்லாட்டைப் பருப்பு டெஸ்ட்ல பெயில் ஆயிடுச்சு. மூட்டையைத் திருப்பி அனுப்புறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

(திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது.)

பூச்சிமருந்து எச்சமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோபம். 9 வருடமாக அந்த நிலத்தில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அடித்தது காற்றில் வந்திருக்குமோ என்று மனம் ஓடியது. "மருந்து ஒண்ணும் இல்லண்ணா, அதெல்லாம் சுத்தம். அஃப்ளாடாக்சின்னு ஒண்ணு, அதுதான் அளவுக்கு மேல இருக்கு" என்றார்.

வாட்ஸ்அப்பில் சீட்டு வந்தது. பூச்சிக்கொல்லி எச்சம் என்று நீளமாக ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கண்டறியப்படவில்லை'. கடைசி வரியில் அஃப்ளாடாக்சின் 38. இருக்க வேண்டிய உச்சவரம்பு 15. அனுப்பியது 6 மூட்டை. மூட்டைக்கு 80 கிலோ, மொத்தம் 480 கிலோ. கிலோ 140 ரூபாய்க்குப் பேசியிருந்தோம். நாலு பேருடைய கடலை அது.

இந்த 15, 38 எல்லாம் ஒரு கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. 15 மைக்ரோகிராம் என்றால் ஒரு டன் கடலையில் 15 மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் எடைகூட வராது. 'இதுக்குப் போயா?' என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் அலைந்து, கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் வளர்ந்த அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் சுரந்த நஞ்சுக்கு வைத்த பெயர்தான் அஃப்ளாடாக்சின். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் மலைக் கிராமங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மஞ்சள் காமாலை மாதிரி வந்து, ஈரல் கெட்டுச் செத்தார்கள். ஏழைகள், ஆதிவாசிகள், தான் விளைவித்ததைத் தானே தின்றவர்கள். அங்கே யாரும் மருந்து அடித்து அவர்களைக் கொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உள்ளே போனால் ஈரல் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

'நஞ்சில்லா உணவு' என்று நம் பையில் அச்சடித்திருக்கிறோம். அன்று இரவு அந்தப் பையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

குழுவைக் கூட்டினோம். 11 பேர் உள்ள பி.ஜி.எஸ். குழு எங்களுடையது. மூத்தவர் ஒருவர் எடுத்த எடுப்பில் சொன்னார்: "உரம் போடல, மருந்து போடல, இதுல எங்கேருந்து விஷம் வரும்? கம்பெனிக்காரன் நம்மள ஒழிக்கப் பண்ற வேலை." அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் ஊரில் முதலில் இயற்கைக்கு மாறியவர் அவர். "எங்கப்பா காலத்துல யார் டெஸ்ட் பண்ணாங்க, நல்லாத்தானே இருந்தோம்?" என்றும் கேட்டார். நன்றாக இருந்தோமா என்பது தெரியாது, அண்ணே. காமாலை வந்து செத்தவர்களுக்கு யாரும் காரணம் எழுதி வைக்கவில்லை.

இன்னொருவர் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. "செக்குல போட்டு ஆட்டிடலாம். எண்ணெய்ல தெரியாது." அவருக்கும் கடன் இருந்தது, எனக்கும் இருந்தது. யாரும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அந்தக் கூட்டம் அமைதியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முடிவு எடுப்பதற்கு முன் யாராவது தெரிந்தவரைக் கேட்போம் என்று நிறுத்தி வைத்தோம். அப்படித்தான் நானும் இன்னொரு தம்பியும் பயிற்சிக்குப் போனோம். செக்கு வைத்தபோதே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்திருந்தோம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் வருடத்துக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் வந்தது, லேபிளில் போட்டோம், அதோடு உணவுப் பாதுகாப்பு முடிந்தது என்று இருந்துவிட்டோம். அதே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2017 முதல் ஃபோஸ்டாக் என்று ஒரு பயிற்சி நடத்துகிறது. உணவு கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்கள் வழியாக நடக்கிறது. தேர்வு எழுதினால் 2 வருடத்துக்குச் சான்றிதழ்.

காலையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அறை நிறைய பேக்கரிக்காரர்கள், தண்ணீர் கேன் கம்பெனி ஆட்கள், ஓட்டல் சூப்பர்வைசர்கள். உழவர் என்று நாங்கள் இரண்டே பேர். திரையில் ஓடியதெல்லாம் இங்கிலீஷ். தலைக்கு வலைத்தொப்பி, சுவருக்கு டைல்ஸ், கை கழுவும் படம். கை கழுவுவது தேவைதான், எங்கள் செக்கடியில் சோப்பு இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு 6 மூட்டைக்குப் பதில் வேண்டும்.

மதியம் வேறொரு அம்மா வகுப்பு எடுத்தார். கடலை ஏற்றுமதி செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவர். தமிழில் பேசினார். "உங்க பொருள் நிலத்துலேருந்து வாய்க்குப் போற வரைக்கும் ஒவ்வொரு படியா எழுதுங்க. ஒவ்வொரு படியிலயும் என்ன தப்பு நடக்கலாம்னு எழுதுங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. எந்தப் படியில தப்பினா அதுக்கப்புறம் எதைச் செஞ்சாலும் சரி பண்ண முடியாது?" என்று கேட்டார். ஹாசப் என்று பெரிய பெயரில் ஆலைகளில் நடப்பதன் சாரம் இவ்வளவுதான். அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்குச் சாப்பாடு செய்ய 1960-களில் யோசித்த முறையாம். விண்வெளியில் வயிற்றுப்போக்கு வந்தால் யார் பார்ப்பது? முடிந்த பொருளைச் சோதித்துப் பார்த்துப் பயனில்லை, வரும் வழியிலேயே மறித்தாக வேண்டும்.

பால்காரர் ஒருவர் காய்ச்சுவதை எழுதினார். அவருக்கு அது சரி, காய்ச்சினால் கிருமி சாகும். நான் வறுப்பதையும் ஆட்டுவதையும் எழுதினேன். அந்த அம்மா அடித்துவிட்டார். "ஐயா, பூசணம் சாகும். அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது. வறுத்தாலும் பொரிச்சாலும் முழுசா போகாது."

எண்ணெயில் போகுமா என்று கேட்டேன். இதை நம் பத்திரிகையில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். செக்கெண்ணெயில் புண்ணாக்கின் நுண்துகள் கலந்திருப்பதால் ஒரு பங்கு எண்ணெயோடும் வரும். பெரிய ஆலையில் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது அந்தப் பங்கும் போய்விடுகிறது. நாம் சுத்திகரிப்பதில்லை, அதுதான் நம் எண்ணெயின் பெருமை. அப்படியென்றால் செக்குக்குள் போகும் பருப்பு ஆலைப் பருப்பை விடச் சுத்தமாக இருக்க வேண்டும். நம் ஊர்ச் செக்குகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். நல்ல பருப்பை விற்றுவிட்டு, உடைந்தது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாம் செக்குக்குப் போகிறது. வெயிலில் எண்ணெயை வைத்துத் தெளிய விடுகிறோமே, அதில் போகாதா என்று தம்பி கேட்டான். சூரிய ஒளி எண்ணெயில் இந்த நஞ்சைச் சிதைக்கும் என்று மைசூர் ஆய்வுக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்களாம். ஆனால் பாத்திரம், வெயில், நேரம் எல்லாம் பொறுத்தது, எண்ணெயும் காறிப்போகும், அதை நம்பிக் கெட்ட பருப்பை ஆட்டாதீர்கள் என்றார்.

புண்ணாக்கு என்றதும் எனக்கு வீட்டு மாடு ஞாபகம் வந்தது. மாடு தின்றால் நஞ்சு உருமாறிப் பாலில் வருகிறது. பாலுக்கு உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச் சோதித்தது. அதில் 368 மாதிரியில் இந்த நஞ்சு அளவுக்கு மேல் இருந்தது. எந்த மாநிலத்தில் அதிகம் தெரியுமா? தமிழ்நாட்டில். 551-ல் 88. பாலில் தண்ணீர் கலந்தான், மாவு கலந்தான் என்று பேசுகிறோம். யாரும் கலக்காமல் தீவனத்தின் வழியாக வந்தது இது.

என் தாளில் கடைசியாக இரண்டு படி மிஞ்சியது. காய வைப்பது ஒன்று. உடைப்பது ஒன்று. இரண்டிலும் நாங்கள் தப்பியிருந்தோம்.

அந்த வருடம் மானாவாரிக் கடலை. பூ விட்டு விழுது இறங்கும்வரை மழை இருந்தது. கடைசி 3 வாரம் ஒரு சொட்டு இல்லை, வெயில் கொளுத்தியது. காய் முற்றும் நேரத்தில் வறட்சி வந்தால் மண்ணில் இருக்கும்போதே பூசணம் காய்க்குள் போகும் என்று இப்போது தெரியும். பிடுங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசிதானே. செடியைக் குவியலாகப் போட்டு மூடினோம், உள்ளே வெந்து சூடாகிவிட்டது. பிறகு பறித்து 2 நாள் காய வைத்து மூட்டை கட்டினோம். காயை ஆட்டிப் பார்த்தோம், உள்ளே பருப்பு குலுங்கியது, சரி என்றோம்.

அடுத்தது உடைக்கும் மிஷின். காய்ந்த காயை அப்படியே போட்டால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும், விலை குறையும். அதனால் முந்தின நாள் சாயங்காலம் காயின் மேல் தண்ணீர் தெளித்து மூடி வைப்பார்கள். ஊரில் எல்லாரும் செய்வது. வியாபாரி செய்தால் எடையும் கூடும். நானே குடத்தில் தண்ணீர் எடுத்துத் தெளித்தேன். உடைத்த பருப்பை உடனே காய வைக்காமல் சாக்கில் கட்டினோம், லாரி வர 9 நாள் ஆனது. பருப்பின் ஈரம் 7, 8 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பூசணம் வளராது. எங்களுடையது எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து குழுவில் சொன்னேன். ஆட்டிவிடலாம் என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆடு மாடு கோழி அண்டாத இடத்தில் குழி வெட்டி, பருப்பைக் கொட்டிச் சாணக் கரைசல் ஊற்றி மூடினோம். 480 கிலோ. என் வீட்டுக்காரம்மா குழி மூடும்வரை நின்று பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நாலு பேர் காயை ஒன்றாகக் கொட்டித்தான் உடைத்திருந்தோம். யாருடையது கெட்டது, எல்லாருடையதுமா என்று இன்றுவரை தெரியாது. நட்டத்தை நாலாகப் பிரித்தோம், ஆளுக்கு 16,800.

அடுத்த பட்டத்தில் மாற்றியதைச் சொல்கிறேன். இதில் எதுவும் ராக்கெட் விஷயம் இல்லை. தொழுவுரம் நிறைய, அதில் டிரைகோடெர்மா கலந்து போட்டோம். 45-ம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சம் போட்டோம். சுண்ணாம்புச் சத்து கிடைத்தால் காயின் ஓடு கெட்டியாகி பூசணம் புகுவது குறையும். கடைசி வாரங்களில் காய்ச்சல் கண்டால் முடிந்தவர்கள் ஒரு தண்ணீர் விட்டோம். பிடுங்கிய செடியைக் குவிக்காமல், காய் மேலே தெரியும்படி தலைகீழாக வரிசையில் போட்டோம். மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்ட காய், பூச்சி துளைத்த காய், அறுவடைக்குப் பிறகு மண்ணில் தங்கி மழை பெய்தபின் பொறுக்கிய காய், இந்த மூன்றும் தனிச் சாக்கு. முன்பு அதையெல்லாம் மொத்தத்தில் கலந்துவிடுவோம். நஞ்சு எல்லாக் காயிலும் சமமாக இருக்காது, இந்த மாதிரி சில காய்களில்தான் குவிந்திருக்கும். அவற்றை எடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்தது. தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, சாயங்காலம் பனிக்கு முன் மூடி, காலையில் திறந்து, சலிக்காமல் செய்ய வேண்டும். மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டையின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்கினோம்.

தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினோம். பருப்பு கொஞ்சம் கூடுதலாகப் பிளக்கிறது. பிளந்ததைத் தனியாக எடுத்து உடனே ஆட்டிவிடுகிறோம்.

கையால் பொறுக்குவதுதான் பெரிய வேலை. சுருங்கினது, கருத்தது, மஞ்சளானது, பச்சைப் பூசணம் தெரிவது எல்லாம் போக வேண்டும். இதைச் செய்வது எங்கள் ஊர்ப் பெண்கள். ஒரு நாளைக்கு ஒருவர் இவ்வளவுதான் பொறுக்க முடியும் என்று இருக்கிறது, அவசரப்படுத்தினால் கண் தப்பும். இதுவரை இந்த வேலையை வீட்டுப் பெண்கள் சும்மா செய்ததாக வைத்து விலை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது கூலி சேர்த்து விலை சொல்கிறோம். அங்காடிகள் முணுமுணுத்தன, பிறகு கொடுத்தன. கழிவு செக்குக்கும் போகாது, மாட்டுக்கும் போகாது.

குழுப் பணத்தில் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினோம். பாட்டிலில் காய்ந்த உப்பும் தானியமும் போட்டுக் குலுக்கும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். நெல்லுக்கு, சோளத்துக்கு அது உதவும், கடலைக்குப் போதாது. ஒட்டவில்லை என்று பார்த்து 12 சதவீதக் கடலையைக் கட்டி வைத்தால் அதுவும் பூத்துவிடும்.

ஒவ்வொருவர் சாக்குக்கும் ஒரு எண், பெயின்டில். நோட்டில் அந்த எண், பிடுங்கிய தேதி, காய்ந்த நாள், மீட்டர் காட்டியது. டெஸ்டுக்குக் கொடுக்கும்போது மேலிருந்து ஒரு கை அள்ளிக் கொடுப்பதில்லை. எல்லாச் சாக்கிலும் மேலே, நடுவே, அடியே எடுத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி. ஒரு கைப்பிடியில் கெட்ட பருப்பு ஒன்றும் சிக்காமல் போகலாம், ஒரு பருப்பு சிக்கி மொத்த லாட்டையும் கெடுக்கலாம். இரண்டுமே பொய் சீட்டு.

நல்லபடியாகவே எல்லாம் முடிந்தது என்று எழுத ஆசைதான். அந்த வருடம் எங்கள் குழுவில் ஒருவர் கடலை மீட்டரில் 12 காட்டியது. இன்னும் 2 நாள் காயட்டும் என்றோம். மழை மேகம் வேறு. அவருக்கு மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட நாள் நெருங்கியிருந்தது. "ஒரு மிஷின் சொல்லுதுன்னு என் உழைப்ப வேணாங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு அன்றே வெளி வியாபாரிக்குப் போட்டுவிட்டார். வியாபாரி ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கடலை எந்த ஊரில் யார் வீட்டுச் சட்டினியில் போனதோ. குழுவில் கொஞ்சம் முன்பணம் வைத்திருந்தால் அவரைப் பிடித்திருக்கலாம். இந்த வருடம் அதற்காக விற்பனையில் கிலோவுக்கு 2 ரூபாய் எடுத்து வைக்கிறோம். அவர் இன்னும் குழுவுக்கு முழுமையாகத் திரும்பவில்லை.

பயிற்சி பற்றி எனக்கு இரண்டு குறை உண்டு. ஆலையின் வாசலில் சரக்கு வந்து இறங்குவதில் இருந்துதான் அவர்கள் தொடங்குகிறார்கள், எங்கள் தப்பு அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. களத்தில் நின்று, மூட்டையைப் பிரித்துக் காட்டிச் சொல்லித் தர ஆள் இல்லை. இன்னொன்று மொழி. அந்த அம்மா தமிழில் பேசியிருக்காவிட்டால் நான் வலைத்தொப்பியோடு வீடு திரும்பியிருப்பேன்.

நம் பக்கத்துக் குறையும் இருக்கிறது. பி.ஜி.எஸ்.-ல் ஒருவர் நிலத்தை இன்னொருவர் போய்ப் பார்க்கிறோம். விதை என்ன, உரம் என்ன, வரப்போரம் என்ன என்று கேட்கிறோம். எங்கள் குழுவில் ஒருவரும் இதுவரை தார்ப்பாயைப் புரட்டிப் பார்த்ததில்லை, மூட்டை அடுக்கிய அறைக்குள் போனதில்லை. இப்போது எங்கள் ஆய்வுத் தாளில் நாங்களே நாலு கேள்வி சேர்த்துக்கொண்டோம்: எங்கே காய்ந்தது, எத்தனை நாள், மீட்டர் என்ன காட்டியது, தண்ணீர் தெளித்தீர்களா. கடலைக்கு மட்டும் இல்லை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை போடுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். மஞ்சள்காரர்களும் யோசிக்கலாம்.

மீட்டர் வாங்கிய பட்டத்தில் இரண்டு லாட் டெஸ்டுக்குப் போனது. ஒன்றில் 3. இன்னொன்றில் கண்டறியப்படவில்லை. சீட்டை மூத்தவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, "அந்த மிஷினை நாளைக்கு என் களத்துக்கு எடுத்துட்டு வா" என்றார்.

மீட்டர் இப்போது பெரும்பாலும் ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்துக் குழுக்கள் கேட்டால் கொடுக்கிறோம், வாடகை இல்லை. திருப்பித் தரும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துக் கொடுங்கள், போன மாதம் ஒருவர் அப்படியே வைத்து உள்ளே ஒழுகிவிட்டது.